திறனறித் தேர்வும் சிறப்புப் பள்ளிச் சேர்க்கையும்: செட்டிநாட்டுப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் காரைக்குடிப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். சனிக்கிழமைகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து பயிற்சி செய்கிறார்கள். அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்று கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கோயில் திருவிழாவிலும் கல்யாணப் பந்தியிலும்கூட அதே கேள்விகள் வருகின்றன. அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். விண்ணப்பத் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அவற்றைத் தரவில்லை.

ஆளுக்கொரு தேர்வின் பெயரைச் சொல்கிறார்கள், டீச்சர். மொத்தம் என்னதான் இருக்கிறது?

முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சில தேர்வுகளில் வென்றால் பணம் கிடைக்கும், பிள்ளை அதே பள்ளியில்தான் படிக்கும். வேறு சில தேர்வுகளில் வென்றால் பள்ளியே மாறும். வாசலில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருகிறது.

பணம் தரும் வகையில் எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வு, ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, அதற்குமேல் முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு, பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு ஆகியவை இருக்கின்றன. பள்ளியை மாற்றும் வகையில், ராணுவ அதிகாரி ஆகப் பிள்ளைகளைத் தயார்செய்யும் உறைவிடப் பள்ளியான அமராவதிநகர் சைனிக் பள்ளியின் நுழைவுத் தேர்வும், அரசு மாதிரிப் பள்ளிச் சேர்க்கையும் நம் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டியவை. பத்தாம் வகுப்பில் எழுதிய என்டிஎஸ்இ என்ற தேசியத் திறனாய்வுத் தேர்வை இன்னமும் சிலர் விசாரிக்கிறார்கள். 2021க்குப் பிறகு அது நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயரைச் சொல்லி யாராவது பயிற்சிக்குப் பணம் கேட்டால், அறிவிப்பைக் காட்டச் சொல்லுங்கள்.

என் மகன் மெட்ரிக் பள்ளியில் எட்டாவது படிக்கிறான். நன்றாகப் படிப்பவன். என்எம்எம்எஸ் எழுதலாமா?

முடியாது. அரசு, உள்ளாட்சி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமே அந்தத் தேர்வு. தனியார் பள்ளி, கேந்திரிய வித்யாலயா, மாநில அரசு தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்து நடத்தும் உறைவிடப் பள்ளி ஆகியவற்றில் படிப்பவர்களுக்கு இடமில்லை. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50 போதும்.

நம் பக்கத்தில் ஒரு வசதி உண்டு. நகரத்தார் தருமமாகக் கட்டிய பல பழைய பள்ளிகள் இன்று அரசு உதவிபெறும் பள்ளிகள். பெயரையும் கட்டடத்தையும் பார்த்துத் தனியார் பள்ளி என்று நினைத்துக்கொண்டு, தகுதியுள்ள பிள்ளையை எழுத விடாமல் இருந்துவிடுகிறார்கள். பள்ளி எந்த வகை என்று தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். விண்ணப்பமும் பள்ளி மூலமாகத்தான் போகும், கட்டணம் 50 ரூபாய்.

அதில் என்ன கேட்பார்கள்? பாடப்புத்தகத்தில் இல்லாததெல்லாம் வரும் என்கிறார்களே?

இரண்டு தாள். ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிடம். படிப்பறிவுத் தாளில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. இவை ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலிருந்து வருபவை. மனத்திறன் தாள்தான் பெற்றோரைப் பயமுறுத்துவது. எண் தொடர், எழுத்துக் குறியீடு, உறவுமுறை, திசை, கடிகாரம், பொருந்தாத உருவம் என்று அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள்.

ஒரு கேள்வியை அருகில் வைத்துப் பாருங்கள். 4, 9, 19, 39, அடுத்தது என்ன? எங்கள் முகப்பில் இதைக் கொடுத்தபோது ஒரு பெண் பக்கத்தில் 5, 10, 20 என்று இடைவெளிகளை எழுதி, அடுத்த இடைவெளி 40 என்று கூட்டி 79 என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பையன் எதுவும் எழுதவில்லை. “இரண்டால் பெருக்கி ஒன்று சேர்த்தால் வருகிறது” என்றான். விடை ஒன்று, வழி இரண்டு. இரண்டு பேருக்கும் யாரும் சூத்திரம் சொல்லித்தரவில்லை. பெண்ணுக்கு அரை நிமிடம் பிடித்தது, பையனுக்குச் சில நொடிகள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் இரண்டுமே தாராளம்.

ரங்கூனிலும் பினாங்கிலும் கடை நடத்தியவர்களின் ஊர் இது. கப்பல் ஏறுமுன் பிள்ளைகள் எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாட்டு நூலை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்; மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று என்று விரலை மடக்காமல் பெருக்குவார்கள். அந்த வழியில் வந்த வீடுகளிலேயே இன்று ஏழாம் வகுப்புப் பிள்ளை பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுகிறது. மனத்திறன் தாளுக்குப் புத்தகம் வாங்குமுன் இருபது வரை வாய்ப்பாட்டைச் சரிசெய்யுங்கள்.

கோச்சிங் சேர்க்கலாமா, வேண்டாமா? வீட்டில் தினமும் இதே சண்டை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். என்எம்எம்எஸ் உதவித்தொகை மாதம் 1,000 ரூபாய். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுகளுக்கு மொத்தம் 48,000. நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குத் தருகிறார்கள், அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695. ஒரு பயிற்சி மையம் கேட்கும் கட்டணத்தை இந்த 48,000க்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பிள்ளை தேர்வாகாமல் போகவும் வாய்ப்பிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்குத்தானே இந்த உதவியே!

பயிற்சி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கேள்வியின் வடிவத்தையே பார்த்திராத பிள்ளை முதல் மாதிரித் தேர்வில் திணறும். இரண்டாவது, மூன்றாவது தேர்வில் மதிப்பெண் சட்டென்று ஏறும். அதற்குப் பிறகு ஏற்றம் மெதுவாகிவிடும், பல பிள்ளைகளுக்கு நின்றேவிடும். முதல் ஏற்றம் பழக்கத்தால் வருவது. பழைய வினாத்தாள் சிலவற்றை நேரம் வைத்து எழுதவைத்தால் வீட்டிலேயே கிடைத்துவிடும். அதற்கு மேலான ஏற்றம் பாடத்தைப் புரிந்துகொள்வதால் வருவது. பயிற்சி மையம் பெரும்பாலும் முதல் ஏற்றத்தைக் காட்டித்தான் இரண்டாவதற்கும் சேர்த்துக் கட்டணம் வாங்குகிறது.

அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர்களே மாலையில் இந்தத் தேர்வுக்கு இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள். அந்த வகுப்பை விட்டுவிட்டுப் பணம் கட்டி வெளியே போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

எந்த வகுப்பிலிருந்து தயார்செய்ய வேண்டும்? என் தங்கை மகள் மூன்றாம் வகுப்பிலேயே ஒலிம்பியாடில் தங்கப் பதக்கம் வாங்கியிருக்கிறாள்.

வாழ்த்துகள். ஆனால் அந்தப் பதக்கம் எதன் சேர்க்கைக்கும் உதவாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளிகள் வழியாகக் கட்டணம் வாங்கித் தனியார் அமைப்புகள் நடத்தும் போட்டிகள் அவை. ஒரு வகுப்பில் பாதிப் பேர் பதக்கத்தோடு திரும்புவதும் உண்டு. இந்தியாவைச் சர்வதேச ஒலிம்பியாடுக்கு அனுப்பும் உண்மையான தொடர் வேறு. அதை ஒருங்கிணைப்பது மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். கணக்கில் அதன் முதல் படியான ஐஓகியூஎம் தேர்வை எட்டாம் வகுப்பிலிருந்து எழுதலாம். கணக்கில் உண்மையான பசியுள்ள பிள்ளைக்கு அது நல்ல தீனி, எந்தப் பள்ளியில் படித்தாலும் சரி.

என்எம்எம்எஸ் தேர்வுக்கு ஏழாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் தொடங்கினால் போதும். அதற்கு முன்னால் செய்யவேண்டியது வாசிப்பும் வாய்ப்பாடும் மட்டும்.

எங்கள் வீடு கிராமத்தில் இருக்கிறது, மகள் காரைக்குடியில் படிக்கிறாள். ஊரகத் திறனாய்வுத் தேர்வு எழுதலாமா?

வீடு எங்கே என்று பார்ப்பதில்லை, பள்ளி எங்கே என்றுதான் பார்ப்பார்கள். கிராம ஊராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் உள்ள அங்கீகாரம் பெற்ற பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிப்பவர்களுக்கான தேர்வு அது. நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகளுக்கு இல்லை. எனவே காரைக்குடியிலோ தேவகோட்டை நகரத்திலோ படிக்கும் கிராமத்துப் பெண் எழுத முடியாது. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ படிக்கும் பெண் எழுதலாம்.

இதில் ஒரு சிக்கல் புதிதாக முளைத்திருக்கிறது. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சுற்றியுள்ள சில ஊராட்சிகளும் அதனுடன் இணைக்கப்பட்டன. மூத்த பிள்ளை எழுதிய அதே பள்ளியில் இளைய பிள்ளைக்கு விதி பொருந்தாமல் போகலாம். அந்த ஊர்க்காரர்கள் இவ்வாண்டு அறிவிப்பைத் தலைமையாசிரியரிடம் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இதற்கு வருமான வரம்பு ஒரு லட்சம். மாவட்டத்துக்கு ஆண்கள் 50, பெண்கள் 50. தொகை ஆண்டுக்கு 1,000 ரூபாய், நான்கு ஆண்டுகள். மொத்தம் 4,000 ரூபாய்க்காகப் பயிற்சி மையத்துக்குப் போவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பள்ளியில் நடத்துவதைப் படித்துவிட்டு எழுதட்டும்.

வெளிமாநிலத்தில் நவோதயா பள்ளியில் இலவசமாகப் படிக்கிறார்களாம். இங்கே ஏன் இல்லை?

நவோதயா என்பது ஒன்றிய அரசு நடத்தும் உறைவிடப் பள்ளி. தமிழ்நாட்டில் அப்படி ஒரு பள்ளியும் இல்லை. மும்மொழிக் கொள்கை காரணமாக மாநில அரசுகள் தொடர்ந்து அதை ஏற்கவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிருக்கிறது. காரைக்காலில் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. எந்த மாவட்டத்தில் பள்ளியோ அந்த மாவட்டத்திலேயே வசித்துப் படிக்கும் பிள்ளைதான் விண்ணப்பிக்கலாம். உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்துச் சேர்த்துவிடலாம் என்ற யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சைனிக் பள்ளிக்குத் தமிழ் வழியில் படித்த பையன் தேர்வு எழுத முடியுமா?

ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு முடியும், தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைக்கு ஆங்கிலத்தில் மட்டுமே. உடுமலைப்பேட்டையை அடுத்து, அமராவதி அணைக்கருகே 1962இல் தொடங்கிய பள்ளி அது. ஆறாம் வகுப்புக்குச் சேர்க்கை ஆண்டின் மார்ச் 31 அன்று வயது 10 முதல் 12க்குள் இருக்க வேண்டும். 2021 முதல் பெண் பிள்ளைகளும் சேரலாம். இதைச் சொன்னால் இன்னும் பாதிப் பேர் ஆச்சரியப்படுகிறார்கள்.

தேர்வு 300 மதிப்பெண், 125 கேள்வி, இரண்டரை மணி நேரம். கணக்கு மட்டும் 150, அதாவது சரிபாதி. மொழி, நுண்ணறிவு, பொது அறிவு ஒவ்வொன்றும் 50. ஒவ்வொரு பகுதியிலும் 25 விழுக்காடு, மொத்தத்தில் 40 விழுக்காடு என்பது குறைந்தபட்சத் தகுதி. இடம் கிடைக்க அதைவிட வெகுதூரம் மேலே போக வேண்டும். இடங்களில் 67 விழுக்காடு பள்ளி இருக்கும் மாநிலத்துக்கு. கணக்கில் பலவீனமான பிள்ளைக்குப் பொது அறிவுப் புத்தகத்தை உருப்போட வைப்பதால் பயன் இல்லை.

பத்து வயதுப் பையனை அவ்வளவு தூரம் அனுப்ப மனம் வரவில்லை. அவன் அப்பாவோ பிடிவாதமாக இருக்கிறார்.

நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பையனிடம் யாராவது கேட்டீர்களா? ஒரு முறை அவனை அமராவதிநகருக்குக் கூட்டிப்போய் வெளியிலிருந்தாவது பள்ளியைக் காட்டுங்கள். மதுரை, உடுமலை என்று பஸ் மாறிப் போய்ச் சேருவதற்குள் தூரம் என்றால் என்னவென்று அவனுக்குப் புரிந்துவிடும். அதிகாலையில் எழுந்து ஓடுவது, துணியைத் தானே மடித்து வைப்பது, மணியடித்தால் சாப்பிடுவது ஆகியவை அங்கே வாழ்க்கை. சில பிள்ளைகள் அதில் மலர்ந்துவிடுகிறார்கள். சிலர் அப்பத்தா மடியை நினைத்து முதல் விடுமுறையிலேயே திரும்ப மறுக்கிறார்கள். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பணத்தையும் பார்க்க வேண்டும். ஆண்டுக் கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டும். வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை உண்டு, ஆனால் அது சேர்ந்த பிறகு வருவது. ராணுவ அதிகாரி ஆக வேண்டும் என்ற ஆசை பிள்ளைக்கு இருந்தால் நான் அனுப்பத்தான் சொல்வேன். ஒழுக்கம் வரட்டும் என்பதற்காக மட்டும் அனுப்புவதாக இருந்தால், ஒழுக்கத்தை வீட்டிலேயே கற்றுக்கொடுங்கள் என்று சொல்வேன்.

மாதிரிப் பள்ளி என்கிறார்களே, அது என்ன? அங்கே சேர்ந்தால் நீட், ஜேஇஇ எல்லாம் சொல்லித்தருவார்களாமே?

ஆமாம். 2021-22இல் சில மாவட்டங்களில் தொடங்கி இப்போது 38 மாவட்டங்களிலும் இருக்கும் அரசு உறைவிடப் பள்ளிகள் அவை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. அரசுப் பள்ளி மாணவர்களை மாவட்ட அளவில் தெரிந்தெடுத்துச் சேர்க்கிறார்கள். தங்குவதும் சாப்பாடும் படிப்பும் இலவசம். ஐஐடி, தேசியச் சட்டப் பல்கலைக்கழகம், ஆடை வடிவமைப்பு நிறுவனம் என்று நாம் பெயர் மட்டும் கேட்ட இடங்களுக்கெல்லாம் நுழைவுத் தேர்வுப் பயிற்சி கிடைக்கிறது. திறமையுள்ள, வசதியில்லாத பிள்ளைக்கு இன்று தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய வாய்ப்பு வேறு இல்லை என்பது என் எண்ணம்.

ஆனால் முதலில் சொன்ன விதியை நினைவில் வையுங்கள். என்எம்எம்எஸ் தேர்வான பிள்ளை உறைவிடப் பள்ளிக்கு மாறும்போது உதவித்தொகை தொடருமா என்பதைச் சேருமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். தொடராவிட்டாலும் நான் மாதிரிப் பள்ளியைத்தான் தேர்ந்தெடுப்பேன். நான்கு ஆண்டுச் சாப்பாடும் படிப்பும் 48,000 ரூபாய்க்குள் அடங்காது.

ஆறாம் வகுப்பில் நல்ல சிபிஎஸ்இ பள்ளிக்கு மாற்றிவிட்டு, பதினொன்றில் மறுபடி அரசுப் பள்ளிக்கு வந்துவிட்டால் என்ன?

இந்தக் கேள்விதான் பலருக்குக் கடைசியில் இடிக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. நிபந்தனை ஒன்றுதான்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் எட்டு வரை தனியார் பள்ளியில் இலவச இடத்தில் படித்துவிட்டு, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நடுவில் மூன்று ஆண்டு பணம் கட்டிப் படித்தால் அந்தக் கதவு மூடிவிடும். பிறகு எவ்வளவு தட்டினாலும் திறக்காது.

இன்னொன்று. அரசு உதவிபெறும் பள்ளி இந்த 7.5 விழுக்காட்டில் வராது. என்எம்எம்எஸ் தேர்வில் அரசுப் பள்ளியும் உதவிபெறும் பள்ளியும் ஒன்றாக நிற்கின்றன; மருத்துவ ஒதுக்கீட்டில் பிரிந்துவிடுகின்றன. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். மூன்று திட்டத்துக்கு மூன்று விதி. நான் உதவிபெறும் பள்ளியில் வேலை பார்த்தவள்தான், ஆனாலும் டாக்டர் கனவுள்ள ஏழைப் பிள்ளை என்றால் ஆறாம் வகுப்பிலேயே அரசுப் பள்ளியைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

சைனிக் பள்ளிக்கும் இதே கணக்கு. அங்கே படித்த ஆண்டுகள் தமிழ்நாடு அரசுப் பள்ளியில் படித்ததாக ஆகாது.

ஒன்றாம் வகுப்புக்கே நுழைவுத் தேர்வு வைத்தார்கள், டீச்சர். குழந்தை பயந்து பேசவில்லை. இடம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அது சட்டப்படி கூடாது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 13: பள்ளியில் சேர்க்கக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை ஒவ்வொன்றுக்கும் 50,000 வரை அபராதம். இடங்களைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான் வழி. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு 2014 உச்சநீதிமன்றத் தீர்ப்புப்படி இந்தச் சட்டம் பொருந்தாது. நவோதயா, சைனிக் போன்றவற்றைச் சட்டமே தனி வகையாக வைத்திருக்கிறது.

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். “உரையாடல்”, “பழகிப்பார்த்தல்” என்று வேறு பெயர் வைத்தாலும், அதன் பேரில் ஒருவரைச் சேர்த்து இன்னொருவரை விட்டால் அது வடிகட்டல்தான்.

ஆச்சி, சிங்கப்பூரில் இருக்கும் என் பேரன் கெட்டிக்காரன். அங்கே ‘கிஃப்டட்’ வகுப்பில் சேர்க்கப் படாதபாடு படுகிறார்கள். நாம் இங்கிருந்து ஏதாவது புத்தகம் அனுப்பலாமா?

இதைக் கேட்டவர் கானாடுகாத்தானில் ஒரு பெரியவர். சிங்கப்பூரில் 1984 முதல், மிகுந்த திறனுள்ள பிள்ளைகளுக்கான அந்தத் திட்டம் நடந்தது. தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பில் இரண்டு கட்டமாகத் தேர்வு வைத்து, ஏறக்குறைய நூற்றில் ஒருவரை எடுத்து ஒன்பது பள்ளிகளில் தனி வகுப்பாக வைத்தார்கள். அந்தத் தேர்வுக்கென்றே அங்கே டியூஷன் கடைகள் பெருகின. 2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங், திட்டம் அந்த வடிவில் இனி இராது, ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் பிள்ளைகளுக்குத் தானே சிறப்பு வகுப்பு நடத்தும் என்று அறிவித்துவிட்டார். ஆகவே பழைய தேர்வுக்கான புத்தகக் கட்டை அனுப்பவேண்டாம். சீப்புச் சீடையும் கந்தரப்பமும் அனுப்புங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் பற்றிக் கேட்பவர்களுக்கு: அங்கே ஊருக்கு ஊர் விதி வேறு. பல இடங்களில் சொல், எண், உருவம் என்று மூன்று பகுதி கொண்ட காக்அட் தேர்வு வைக்கிறார்கள். நம் மனத்திறன் தாளுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. நான்கு வயதுக் குழந்தைக்கும் தேர்வு வைத்துவந்த நியூயார்க் நகரம் 2021இல் அதைக் கைவிட்டு, ஆசிரியர் பரிந்துரை, பிறகு குலுக்கல் என்று மாறிவிட்டது. நான்கு வயதில் அளப்பது பெரும்பாலும் வீட்டின் வசதியைத்தான் என்பது அங்கே நீண்ட நாள் குற்றச்சாட்டு. எனக்கு அதில் நியாயம் தெரிகிறது.

பெரியவன் தேர்வாகவில்லை, சின்னவள் தேர்வாகிவிட்டாள். பெரியவனுக்குத் திறமை இல்லை என்று அர்த்தமா?

இல்லை. என்எம்எம்எஸ் தேர்வில் இரண்டு தாளிலும் 40 விழுக்காடு எடுத்தால் தகுதி, பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 32. ஆனால் தகுதி பெற்றவர்கள் எல்லோருக்கும் இடம் இல்லை. ஒதுக்கீட்டு வரிசையில் கடைசியாக உள்ளே போன பிள்ளைக்கும் வெளியே நின்ற பிள்ளைக்கும் நடுவே ஒரே ஒரு மதிப்பெண்தான் வித்தியாசம் இருக்கும். அந்த ஒரு கேள்வி தெரியாமல் விட்டதாகக்கூட இராது. 37ஆம் கேள்வியைப் பிறகு பார்க்கலாம் என்று தாண்டிய பையன், 38இன் விடையை 37இன் வட்டத்தில் நிரப்பி, அங்கிருந்து எல்லாவற்றையும் ஒரு வரி தள்ளி நிரப்பிக்கொண்டே போனதை நான் மாதிரித் தேர்வில் பார்த்திருக்கிறேன். விடைகள் எல்லாம் சரி, மதிப்பெண் இல்லை. பத்துக் கேள்விக்கு ஒரு முறை எண்ணைச் சரிபார்க்கும் பழக்கத்தை இப்போதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகள் இருவரையும் விருந்தினர் முன்னால் ஒப்பிட்டுப் பேசும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். பெரியவனுக்குப் பதினொன்றாம் வகுப்பு வரை இன்னும் வாய்ப்பு இருக்கிறது. அடுத்த பதிலைப் பாருங்கள்.

எட்டாவதில் விட்டுவிட்டோம். பத்துக்கு மேல் ஏதாவது இருக்கிறதா?

முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து கேள்வி வரும். ஆண்கள் 500, பெண்கள் 500 பேரைத் தேர்ந்தெடுத்து, இளநிலைப் பட்டம் முடிக்கும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் தருகிறார்கள்.

தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வைப் பலர் கவனிப்பதே இல்லை. 2022இல் தொடங்கியது. பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் யாராக இருந்தாலும், சிபிஎஸ்இ பிள்ளைகள் உட்பட, எழுதலாம். பாடம் தமிழக அரசின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் இரண்டு ஆண்டுகளுக்கு. பாதி இடம் அரசுப் பள்ளிக்கு, மீதி மற்றவர்களுக்கு. இரண்டாவது கேள்வியில் மெட்ரிக் பள்ளிப் பையனைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு இதுதான் என் பதில்.

தேர்வாகி ஓராண்டு ஆகிறது, பணம் வரவில்லை. யாரிடம் கேட்பது?

பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் பெயர்தான். பள்ளிப் பதிவேட்டில் முன்னெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுவதுமாக. நம் பக்கத்தில் மூன்று நான்கு முன்னெழுத்து போடும் வீடுகளில் இது இன்னும் மோசம். கணினிக்கு இவை மூன்று வெவ்வேறு பிள்ளைகள். விண்ணப்பிக்கும்போதே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதாருடன் இணைந்ததாக இருக்க வேண்டும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒன்பதாம் வகுப்பில் பதிவு, பிறகு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்தல். புதுப்பிக்க மறந்தால் அந்த ஆண்டுப் பணம் போனதுதான். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு எடுக்காவிட்டாலும் தொகை நின்றுவிடும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு இதில் ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு.

நாளைக்குத் தேர்வு. என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

இன்றிரவு புத்தகத்தை மூடிவிடுங்கள். நுழைவுச்சீட்டை எடுத்துப் பையின் மேலறையில் வையுங்கள். பிள்ளையார்பட்டியில் அர்ச்சனைத் தட்டில் வைத்து எடுத்துவந்தவர்கள், அதில் விபூதியும் எண்ணெயும் பட்டிருக்கிறதா என்று பார்த்துத் துடையுங்கள். வட்டம் நிரப்பும் ஓஎம்ஆர் விடைத்தாளுக்குக் கறுப்புப் பந்துமுனைப் பேனா இரண்டு. காலையில் வழக்கமாகச் சாப்பிடும் இட்லியே போதும், புதிதாக எதுவும் வேண்டாம். மையம் வேறு ஊரில் என்றால் முதல் பஸ்ஸில் கிளம்புங்கள். முடிந்து வெளியே வந்ததும் எத்தனை சரி என்று கேட்காமல் முதலில் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். இரண்டு தாளுக்கு நடுவில் இடைவேளை இருந்தால் அப்போதும் இதேதான்.